அப்புறம் அக்காவின் சிவப்புச் சீட்டு

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குள் பதினொரு சிவப்புப் புத்தகங்கள் என் மேசைக்கு வந்துவிட வேண்டும். எங்கள் பள்ளிக்கு ஓடும் பஸ்கள் பதினொன்று. பஸ்ஸுக்கு ஒரு புத்தகம். ரசீதுப் புத்தகம் போலக் கிழித்துக் கொடுக்கும் சீட்டுகள் கொண்டது. பஸ்ஸில் சேட்டை செய்யும் பிள்ளையின் பெயரை எழுதி, அச்சடித்திருக்கும் ஐந்து குற்றங்களில் ஒன்றை டிக் செய்து, அந்தப் பஸ்ஸின் உதவியாளர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பிள்ளையின் பெயரில் மூன்று சீட்டு சேர்ந்தால் அந்த ஆண்டு முடியும்வரை அந்தப் பிள்ளைக்குப் பஸ் கிடையாது. அலுவலகத்தில் இந்த விதிகளை இரண்டு மொழியிலும் தட்டச்சு செய்தவள் நான்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன்.

நாலாம் நம்பர் பஸ்ஸின் புத்தகம் மட்டும் வாராவாரம் கடையில் வாங்கியது போலவே திரும்பி வந்துகொண்டிருந்தது. முனைகூட மடங்கியிருக்காது.

போக்குவரத்துப் பொறுப்பாளர் அதைப் புரட்டிப் பார்ப்பார், திருப்பிப் பார்ப்பார், உதறிக்கூடப் பார்ப்பார். ஒருநாள் நாலாம் நம்பர் உதவியாளரையே கூப்பிட்டுக் கேட்டுவிட்டார்.

"நாலு மாசமா நாப்பது பிள்ளைங்கள்ல ஒண்ணுகூடத் தப்பு பண்ணலையா? பஸ்ஸுல என்ன சாமியாருங்களா வர்றாங்க?"

"பண்ணாங்க சார். பண்ணதைச் சரியும் பண்ணிட்டாங்க. அதை எழுதறதுக்கு இந்தச் சீட்டுல இடம் இல்ல."

சொல்லிவிட்டு, புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கி என் மேசையில் அடுக்கிய மற்றப் பத்தின் மேல் நேராக வைத்துவிட்டுப் போனார் அக்கா.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, ஆயா என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டேன், அக்கா என்று கூப்பிட்டால் ஓடிவருவேன் என்று பஸ்ஸின் நடுவில் நின்று அறிவித்துவிட்டவர் அவர். நாற்பத்தெட்டு வயது. குள்ளம். பள்ளி கொடுத்த சாம்பல் நிறக் கோட்டின் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டிருப்பார். பள்ளி கொடுத்த விசிலை ஒருநாளும் ஊதியதில்லை. அதன் கயிற்றால் முதலுதவிப் பெட்டியின் உடைந்த மூடியைக் கட்டிவைத்திருந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'அப்புறம் அக்கா'. ஏனென்று அந்தப் பஸ்ஸில் ஒருநாள் போனாலே தெரிந்துவிடும்.

நான் தினமும் அதில்தான் வேலைக்கு வந்து போகிறேன். டிரைவருக்குப் பின்னால் உள்ள இருக்கை. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் இடத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டது என்று வையுங்கள். மற்ற பஸ்களில் முதலில் ஒரு கத்தல், பிறகு ஒரு சீட்டு. இங்கே அக்கா மூட்டு வலியைத் திட்டிக்கொண்டே பிள்ளையின் உயரத்துக்குக் குனிவார்.

"செஞ்சாச்சு. அப்புறம்?"

"சாரி அக்கா."

"சாரி சொன்னா ஈரம் காஞ்சுடுமா? அப்புறம்?"

பிள்ளை யோசிக்கும். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஒரு துணி தொங்கும். அதை எடுத்துவந்து துடைக்கும். நனைந்த இடத்துக்காரனுக்குத் தன் இடத்தைக் கொடுக்கும். அக்கா பாராட்டிக் கைதட்ட மாட்டார். "மூலையில இன்னும் ஈரம் இருக்கு பாரு" என்பார். அவ்வளவுதான், அதோடு அந்தக் கதை முடிந்தது. மறுநாள் அதை யாராவது கிளறினால் கிளறியவருக்குத்தான் பேச்சு விழும்.

தேன் ஒழுகும் குரல் ஒன்றும் இல்லை அவருக்கு. கிண்டல் செய்வார். முறைப்பார். ஜன்னல் ஓர இடத்துக்குச் சண்டை போட்ட இரண்டு பேரை, நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வரும்வரை ரெண்டு பேருக்கும் ஜன்னல் இல்லை என்று நடுவில் உட்காரவைத்தார். மூன்று நாள் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் போகும்போது ஒருவன், வரும்போது ஒருவன் என்று உடன்படிக்கை ஆனது. இது முன்னாலேயே தெரியாதா என்று டிரைவர் கேட்டார். "எனக்குத் தெரியும்ணே. அவனுங்களுக்குத் தெரியணும்ல" என்றார் அக்கா.

இந்தப் பஸ்ஸுக்கு வருவதற்கு முன் அக்கா பதினோரு ஆண்டுகள் ஒரு துணி ஆலையில் இஸ்திரிப் பிரிவில் நின்றவர். ஒரு சட்டைக்கு இத்தனை நொடி என்று கணக்கு. வீட்டுக்கு வந்தால் கையும் காலும் எரியும். அந்த எரிச்சல் ஒரே மகளின் முதுகில் இறங்கும். மகள் நன்றாகப் படித்தாள், வேறு ஊரில் வேலைக்கும் போனாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, வச்சிடறேன். இரண்டு நிமிடம். ஒருமுறை அந்த மகளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்து, தையல் பிரித்து, அவள் வேலைக்கும் திரும்பிய பிறகு, மூன்று வாரம் கழித்து யாரோ சொல்லி அக்காவுக்குத் தெரியவந்தது. இதை அக்கா என்னிடம் சொன்னதில்லை. ஒருநாள் டிரைவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆண்டு நாலாம் நம்பரில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பாதையின் கடைசி நிறுத்தம் அவளுடையது. அதனால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'கடைசி'. காலை ஆறேகாலுக்கு முதல் ஆளாக ஏறுவாள். மாலை ஐந்தரைக்குக் கடைசி ஆளாக இறங்குவாள். அக்காவுக்கு முன்னால் இருந்த உதவியாளர் போகும்போது அவள் பெயரில் இரண்டு சிவப்புச் சீட்டு எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்று கடித்ததற்கு, இன்னொன்று ஒருத்தியின் நோட்டைக் கிழித்ததற்கு.

மூன்றாவது விழுந்தால் என்ன ஆகும் என்பதை அவளுடைய அப்பா ஒருநாள் மாலை பஸ்ஸின் படியில் கை வைத்துக்கொண்டு சொன்னார். சிமென்ட் குழாய் வார்க்கும் இடத்தில் வேலை அவருக்கு. தலைமுடியில் எப்போதும் சிமென்ட் தூசி படிந்திருக்கும். அம்மா வேறு ஊரில் ஒரு வீட்டில் முதியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மாதம் ஒருமுறை வருவாள். பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் அவர் வேலைக்கு ஓடுவார். "பஸ் நின்னா ஸ்கூலும் நின்னுச்சுக்கா. பூட்டி வச்சுட்டுத்தான் போகணும்."

அக்கா ஒரு வாரம் அந்தச் சிறுமியைச் சும்மா பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு டிரைவரிடம் ஒரு விஷயம் சொன்னார். அவள் காலையில் ஒருநாளும் வம்பு செய்வதில்லை. மாலையிலும் பாலம்வரை ஒழுங்காகத்தான் வருகிறாள். பாலம் தாண்டித் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாம் நடக்கிறது. ஏனென்றால் அதற்குள் பாதிப் பஸ் காலியாகியிருக்கும், சாப்பாட்டு டப்பாவில் இருந்ததெல்லாம் தீர்ந்திருக்கும், மற்றவர்கள் தங்கள் வீடு வரப்போகிறது என்று எழுந்து நின்று, 'கடைசி, கடைசி' என்று பாட ஆரம்பித்திருப்பார்கள்.

மறுநாள் முதல் அவளுக்கு ஒரு வேலை. டிரைவர் பக்கத்தில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். அக்கா தன் பையிலிருந்து இரண்டு பிஸ்கட்டும் கொடுப்பார், பாலத்துக்கு முன்னாலேயே. "தண்ணீத் தொட்டி! இறங்கறவங்க பையை எடுத்துக்கங்க!" என்று அவள் கூவும் குரலிடம் ஓர் அதிகாரியே தோற்றுவிடுவார். பெயர் சொல்லிக் கேலி செய்தவர்களிடம் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காலையில முதல் ஸ்டாப் யாரோடது?" ஆறு வாரம் ஒரு பிரச்சினையும் இல்லை.

பிறகு அக்காவே ஒரு தப்புச் செய்தார்.

எல்லாருக்கும் அந்த வேலை வேண்டும் என்று மற்றப் பிள்ளைகள் கேட்டார்கள். கேட்டது நியாயம்தானே என்று முறைப் பட்டியல் போட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வேலை, மூன்றாம் வகுப்புச் சுருட்டை முடிக்காரனுக்குப் போனது. அதை முன்னதாகச் சிறுமியிடம் சொல்லிவைக்க அக்காவுக்குத் தோன்றவில்லை. அவள் வழக்கம்போல் எழுந்து முன்னால் வந்தாள். சுருட்டை முடி ஏற்கெனவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். "கடைசிக்கு வேலை போச்சு" என்றான். பின்னாலிருந்து நாலு பேர் அதையே பாட்டாக்கினார்கள்.

அவன் காலில் ஏதோ குத்துகிறதென்று ஒரு ஷூவைக் கழற்றித் தன் இருக்கையில் வைத்திருந்தான். அதை ஒட்டிய, இடதுபக்க மூன்றாவது ஜன்னலின் கீழ்க்கம்பி வளைந்து, சரியாக ஒரு ஷூ போகிற இடைவெளி இருந்தது. நான் பார்த்தபோது ஷூ அவள் கையில் இருந்தது. அடுத்துப் பார்த்தபோது இல்லை. வெளியே டமாரென்று ஏதோ விழுந்தது, யாரோ திட்டினார்கள், பஸ் போய்க்கொண்டே இருந்தது.

அக்கா பாய்ந்துபோய்ச் சிறுமியின் கையைப் பிடித்து இழுத்தார். "உனக்கெல்லாம் எவ்வளவு சொன்னாலும் ஏறாதா?" என்று கத்தினார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. சிறுமி அழவில்லை. அடி விழப்போகிறதென்று முகத்தைச் சுருக்கிக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். பழக்கப்பட்ட நிற்றல் அது.

அக்கா கையை விட்டுவிட்டார். சிறுமியின் முழங்கைக்கு மேல் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. அக்கா வாசல் படியில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"நானும் செஞ்சாச்சு. இப்ப நான் சொல்லணும், அப்புறம்னு."

பிறகு எழுந்துவந்து குனிந்து, கையைப் பிடித்து இழுத்தது தப்பு, வேலை மாறுவதை முன்னாலேயே சொல்லாததும் தப்பு என்று சிறுமியிடம் சொன்னார். வலிக்கிறதா என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். "பொய் சொல்லாத, எனக்கே கை வலிக்குது" என்றார். அப்போதுதான் அவள் அழுதாள்.

மறுநாள் காலை பெயின்டர் ஒருவர் பள்ளி வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு ஷூ. பாதி கறுப்பு, பாதி பச்சை. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ள நீளச் சுவருக்கு அவர் பச்சை அடித்துக்கொண்டிருந்தபோது, அது டப்பாவில் வந்து விழுந்து, டப்பா கவிழ்ந்து, காய்ந்துகொண்டிருந்த வெள்ளைப் பட்டையெல்லாம் பாழாகிவிட்டது. பேன்ட்டையும் காட்டினார். பொறுப்பாளர் நேராக அக்காவைக் கூப்பிட்டு, சிவப்புப் புத்தகத்தையும் பேனாவையும் முன்னால் தள்ளினார். பொருளை எறிந்தது, நாலாவது குற்றம், வெள்ளிக்கிழமைக்குள் சீட்டு வந்தாக வேண்டும்.

அவர் கெட்டவர் இல்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில், பிள்ளைகள் ஓடும் பஸ்ஸின் கதவைத் திறந்து விளையாடியதில் ஒரு குழந்தைக்குக் கால் போனது. அதைப் பார்த்தவர் அவர். பயம் இருந்தால்தான் பஸ் பத்திரம் என்பது அவருடைய நம்பிக்கை. சீட்டுகளைக் கொண்டுவந்ததே அவர்தான்.

அக்கா புத்தகத்தைத் திறக்காமலேயே எடுத்துக்கொண்டு வந்தார். அன்று மாலை பஸ்ஸில் சிறுமியிடம் பச்சை ஷூவைக் காட்டினார்.

"செஞ்சாச்சு. அப்புறம்?"

அவள் வெகுநேரம் யோசித்தாள். ஷூவை நான் கழுவித் தருகிறேன் என்றாள். சரி, அப்புறம்? சுவரை யார் கழுவுவார்கள் என்று அவளே கேட்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "என்னைப் பார்க்காத பாப்பா, நான் எறியல" என்றார்.

வியாழக்கிழமை மாலை நான் தண்ணீர்த் தொட்டியில் இறங்கி, கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நாலாம் நம்பர் பஸ் அங்கே மறுபடி நின்றிருந்தது. கடைசி நிறுத்தம்வரை போய், சிறுமியின் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு, பணிமனைக்குத் திரும்பும் வழியில் நிறுத்தியிருக்கிறார்கள். அனுமதியில்லாத நிறுத்தம், டிரைவர் டீக்கடையில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறுமி சுவரின் அடியில் உட்கார்ந்து, உப்புத்தாளால் காய்ந்த பச்சைச் சொட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தார். அக்கா வேண்டுமென்றே தள்ளி நின்றார். பெயின்டர் முதலில் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒரே பக்கமாகத் தேய், சுற்றித் தேய்த்தால் வட்டம் விழும் என்று சொல்லிக்கொடுத்தார். கடைசியில் ஒரு சின்ன பிரஷைக் கொடுத்து அடிப்பட்டை ஒரு சாணுக்கு வெள்ளையடிக்கவும் விட்டார். இருபது நிமிடம். அவள் எழுந்தபோது மூக்கில் வெள்ளை. பெயின்டர் தன் பேன்ட்டைக் காட்டி, இதை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். அவள் உண்மையாகவே யோசிக்க ஆரம்பித்ததும், விடு விடு, இது ஏற்கெனவே ஏழு கலர் பார்த்தது என்று சிரித்தார்.

ஷூ அப்பாவின் மண்ணெண்ணெயில் ஊறியும் ஓரத்தில் பச்சையாகவே இருந்தது. சுருட்டை முடி அதைப் போட்டுக்கொண்டு பள்ளி முழுக்கச் சுற்றினான். அப்படி ஒரு ஷூ வேறு யாரிடமும் இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்றேகாலுக்கு அக்கா பொறுப்பாளர் அறைக்குப் போனார். கோப்போடு நானும் அங்கே இருந்தேன். மூன்று நாளாகச் சேர்ந்த கோபம் பொறுப்பாளரிடம் இருந்தது. வழியில் பஸ்ஸை நிறுத்தியதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. சீட்டு எங்கே என்றார். அக்கா புத்தகத்தை நீட்டினார். முதல்முறையாக அதில் ஒரு பக்கம் எழுதியிருந்தது. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. படிக்கப் படிக்க மறுபடி இருண்டது.

பெயர் என்ற இடத்தில் அக்கா தன் பெயரை எழுதியிருந்தார். ஐந்து குற்றத்தில் 'சத்தம் போட்டது', 'சண்டை' இரண்டையும் டிக் செய்து, பக்கத்தில் 'குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தேன், விரல் பதிந்தது' என்று எழுதியிருந்தார். அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, அச்சில் இல்லாத ஒரு கட்டம் வரைந்து, அதற்கு 'அப்புறம்' என்று தலைப்பும் வைத்து, 'எல்லார் முன்னாலும் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அப்பாவிடமும் சொன்னேன்' என்று முடித்திருந்தார்.

"என்ன நக்கலா?" என்றார் அவர்.

"இல்ல சார். பஸ்ஸுல அன்னிக்கு அதிகமாத் தப்புப் பண்ணது நான்தான். எறிஞ்சவ தேய்ச்சுட்டா. அது முடிஞ்சுபோச்சு."

"ஒரு சுவரைத் தேய்ச்சா எல்லாம் சரியாயிடுமா? நாளைக்கு வேற எதையாவது எறிவா."

"எறியலாம். அந்த மூணாவது ஜன்னல் கம்பி வளைஞ்சிருக்குன்னு ரிப்பேர் நோட்டுல மூணு தடவை எழுதினேன். தேதி போட்டு எழுதினேன். ஏழு வயசுப் பிள்ளைக்கு மூணு சீட்டுன்னா பஸ் இல்ல. அந்த மூணுக்கு நீங்க யாரை நிறுத்தினீங்க சார்?"

பொறுப்பாளர் கோபமாகத்தான் சொல்ல ஆரம்பித்தார், ஆனால் பாதியில் குரல் தழைந்துவிட்டது. கால் போன குழந்தையைப் பற்றிச் சொன்னார். பயம் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் கதவைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்றார்.

"நானும் பயம் காட்டித்தான் ஒண்ணை வளர்த்தேன் சார்" என்றார் அக்கா. "தப்பு குறைஞ்சுதான்னு எனக்குத் தெரியாது. என்கிட்ட சொல்றது நின்னுபோச்சு. இந்தப் பஸ்ஸுல கதவுத் தாழ்ப்பாள் லூசா இருந்தா நாப்பது பேரும் ஓடிவந்து சொல்றாங்க. அது எனக்குப் போதும். சீட்டு எழுத மாட்டேன்."

பொறுப்பாளர் என் பக்கம் திரும்பினார். அக்கா எழுதாவிட்டால் தான் எழுதிக் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டார். டிரைவர்கள் பகையை வைத்துச் சீட்டு எழுதுகிறார்கள் என்று ஒருமுறை புகார் வந்தபோது, அந்த விதியைத் திருத்தியவரே அவர்தான். சம்பவம் நடந்த வாரத்துக்குள், அன்று பஸ்ஸில் பணியிலிருந்த உதவியாளரின் கையெழுத்து மட்டுமே செல்லும். நான் கோப்பைத் திறக்கவேயில்லை. முடியாது சார் என்றேன்.

மணி மூன்றரை ஆனது. சிறுமியின் பெயரில் சீட்டு இரண்டிலேயே நின்றது. அக்காவைத் திங்கள் முதல் ஒரு வாரம் பஸ்ஸில் ஏறக் கூடாது என்று அவர் நிறுத்திவைத்தார். அனுமதியில்லாமல் பஸ்ஸை நிறுத்தியது காரணம். டிரைவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். நாலாம் நம்பருக்கு அந்த வாரம் ஒன்பதாம் நம்பர் உதவியாளர் வருவார்.

அக்கா வாசலில் நின்று திரும்பினார். "என் பேர்ல ஒண்ணு விழுந்திருக்கு. இன்னும் ரெண்டு இருக்கு சார்" என்றார்.

ஒன்பதாம் நம்பர் உதவியாளர் ஒரு ஆண்டில் இரண்டு சிவப்புப் புத்தகத்தைத் தீர்க்கிறவர். திங்கட்கிழமை ஏறியதுமே ஜன்னலில் ஒட்டியிருந்த முறைப் பட்டியலைக் கிழித்தார். யாரும் நிறுத்தத்தின் பெயரைக் கூவக் கூடாது. யாரும் எழக் கூடாது. புத்தகத்தை மடியில் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றியே வைத்துக்கொண்டார். நான் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தாலும் என் காது முழுக்க அந்த ஏழு வயதுப் பிள்ளையின் மேல் இருந்தது. ஒரு சீட்டு போதும்.

தண்ணீர்த் தொட்டி நிறுத்தம் வந்தபோது எதிர்ச் சுவரின் கீழ், சாம்பல் கோட்டு இல்லாமல், கையில் காய்கறிப் பையோடு அக்கா நின்றிருந்தார். அந்த வாரம் முழுவதும் தினமும் அதே நேரத்தில் நின்றார். நான் இறங்கியதும், பஸ்ஸில் ஏறத்தான் தடை, ரோட்டில் நிற்பதற்கு யார் சீட்டு எழுதுவார்கள் என்றார். பஸ்ஸைப் பார்த்துக் கையசைக்கவில்லை. சும்மா நின்றார்; ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில்.

திங்கள் போனது. செவ்வாய் போனது. புதன்கிழமை பாலம் தாண்டியதும் பாட்டு ஆரம்பித்தது. "கடைசி, கடைசி." உதவியாளர் அதட்டியதும் பாட்டு அடங்கி, மெல்லிய குரலில் மறுபடி தொடங்கியது. நான் திரும்பிப் பார்த்தேன். சிறுமி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கை தானாகக் கீழே போனது. ஒரு ஷூவைக் கழற்றினாள். மற்றதையும் கழற்றினாள். சிக்னலில் பஸ் நின்றது. அவள் எழுந்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்துவந்தாள்.

டிரைவர் மடியில் வைத்தாள்.

"வச்சுக்கங்க மாமா. கை அரிக்குது. வீடு வந்ததும் குடுங்க."

டிரைவர் ஷூக்களைத் தன் இருக்கைக்கு அடியில் தள்ளினார். அவள் வெறுங்காலோடு தன் இடத்துக்குப் போய்க் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். பாடியவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சுருட்டை முடி தன் பச்சை ஷூவைக் குனிந்து பார்த்தான். பிறகு பின்னால் திரும்பி, "டேய், போதும்டா" என்றான்.

ஒன்பதாம் நம்பர் உதவியாளர் பேனாவை எடுத்தார். எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், 'இடத்தைவிட்டு எழுந்தது', முதல் குற்றம் என்றார்.

"பஸ் நின்னுட்டுதான இருந்துச்சு" என்றார் டிரைவர், திரும்பாமலே. "எழுதறதுன்னா எழுதுங்க. கூடவே நின்ன பஸ்ஸுல ஷூவை வாங்கி வச்சேன்னு என் பேரையும் எழுதிக்கங்க."

நான் வாய் திறப்பேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அந்த விதி ஓடும் பஸ்ஸுக்குத்தான், 'ஓடும்போது' என்ற சொல் அதில் இருக்கிறது, அதை டைப் அடித்தவளே நான்தான் என்றேன். வேண்டுமானால் என் பெயரையும் எழுதிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிறுமியின் வெறுங்காலைப் பார்த்தார். "இந்தப் பஸ்ஸுல எல்லாருக்கும் தன் பேரையே எழுதிக்கற வியாதி பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

தண்ணீர்த் தொட்டியில் நான் இறங்கியபோது சுவரடியில் நின்றிருந்த அக்கா என் முகத்தைப் பார்த்தார். கேட்டது ஒரே சொல்.

"அப்புறம்?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டு, வெள்ளைப் பட்டையில் ஒரு சாணுக்கு மட்டும் கோணலாக இருந்த இடத்தைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றார். அந்த யோசனை தனக்கே தோன்றியிருக்காது என்றார். பிறகு நடந்துவிட்டார்.

வியாழனும் வெள்ளியும் ஷூக்கள் பாலம் தாண்டியதும் டிரைவர் இருக்கைக்கு அடியில்தான் போயின. வியாழக்கிழமை சுருட்டை முடியும் தன்னுடையதைக் கொண்டுவந்து வைத்தான். வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு நாலாம் நம்பர் புத்தகம் என் மேசைக்கு வந்தது. அக்கா தன் பேரில் எழுதிய சீட்டுக்குப் பிறகு எல்லாப் பக்கமும் வெறுமையாக இருந்தது. பொறுப்பாளர் அதைப் புரட்டினார். இந்தமுறை உதறிப் பார்க்கவில்லை.

அடுத்த திங்கள் காலை ஐந்தரைக்கு அக்கா பணிமனைக்குப் போனபோது மூன்றாவது ஜன்னலில் புதுக் கம்பி பற்றவைத்திருந்தது. பொறுப்பாளர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் சொல்வதுபோல, கம்பியைச் சரி பண்ணியாச்சு என்றாராம்.

அக்கா கம்பியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"சரி சார். அப்புறம்?" என்றார்.

அவர் வாசலைப் பார்த்து நடந்துவிட்டார் என்று டிரைவர் எனக்குச் சொன்னார். விதி இன்றுவரை மாறவில்லை. மூன்று சீட்டு என்றால் பஸ் கிடையாது. இரண்டு மொழியிலும் அப்படியேதான் இருக்கிறது. சிறுமியின் கணக்கு இரண்டிலும் அக்காவின் கணக்கு ஒன்றிலும் நிற்கின்றன. அந்தத் திங்கட்கிழமை ஆறேகாலுக்கு நாலாம் நம்பர் பாதையின் மறுமுனைக்குப் போய் நின்றது. அப்பாவின் கையை விட்டுவிட்டு ஏறியவள், பஸ்ஸில் கேட்பதற்கு இன்னும் ஒரு பிள்ளைகூட இல்லாதபோதே, கம்பியைப் பிடித்துக்கொண்டு கூவினாளாம்:

"முதல் ஸ்டாப்! கிளம்பலாம் மாமா!"